வேலூர் மாவட்ட வங்கிகளுக்கு: தேதி போட்டு ஒரு தாள் கொடுங்கள்

பெறுநர்: வேலூர் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள், மாவட்டத்தின் எல்லா வங்கிக் கிளை மேலாளர்கள்
பார்வைக்கு: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

வணக்கம்.

காட்பாடியில் ஏடிஎம் பணத்தை விழுங்கியது, குடியாத்தத்தில் நகையை மீட்கப் போனவர் மூன்று நாள் அலைந்தார், அணைக்கட்டுப் பக்கம் கைரேகை விழாமல் முதியோர் பணம் நின்றது என்று வங்கிக் குறைகள் ஊருக்கு ஊர் வேறுபடும். அடியில் கிடக்கும் கோளாறு மட்டும் ஒன்றுதான். கிளைக்குள் போய்க் குறை சொன்ன வாடிக்கையாளர், கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் வெளியே வருகிறார்.

இது சின்ன விஷயம் இல்லை. ரிசர்வ் வங்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய எல்லாமே நாள் கணக்கில் ஓடுபவை. ஏடிஎம் பணத்துக்கு 5 நாள், நகையைத் திருப்பித் தர 7 வேலை நாள், இணைய மோசடிப் பணத்தைத் தற்காலிகமாக வரவு வைக்க 10 வேலை நாள், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மேன்) போவதற்கு முன் 30 நாள். எந்தத் தேதியில் தொடங்கியது என்று காட்டச் சீட்டு இல்லையென்றால் இவற்றில் ஒன்றையுமே கேட்டு வாங்க முடியாது. 'சிஸ்டத்துல போட்டாச்சு', 'மேல அனுப்பியிருக்கோம்', 'மேனேஜர் லீவு, திங்கக்கிழமை வாங்க' என்பதெல்லாம் பதில்தான். ஆனால் சண்டிகரில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்கு இவற்றை இணைத்து அனுப்ப முடியாது.

தாள் கொடுப்பதற்குப் புதிய உத்தரவு எதுவும் வர வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையிலும் புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும், அதில் கிழித்தெடுக்கும்படி துளையிட்ட நகல் தாள்கள் இருக்க வேண்டும், புகார் எழுதிய உடனே ஒரு நகலை ஒப்புகையாகக் கொடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் சேவை பற்றிய 2015-ஆம் ஆண்டுத் தலைமைச் சுற்றறிக்கையிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அந்தப் புத்தகம் எங்கே என்று கேட்டால் பல கிளைகளில் மேனேஜர் அறை பீரோவைத்தான் காட்டுகிறார்கள். பாஸ்புக் பிரிண்டர் பக்கத்தில், ஒரு நூலில் பேனா கட்டி அதை வைப்பதில் என்ன தடை?

நகைக்கடனை முதலில் எடுத்துக்கொள்கிறோம். பாலாற்றங்கரை விவசாயி ஆனாலும், பீடி சுற்றும் வீடு ஆனாலும், பேர்ணாம்பட்டுத் தோல் ஷெட்டில் வேலை பார்ப்பவர் ஆனாலும் அவசரத்துக்கு வங்கி என்றால் நகைக்கடன்தான். தங்கம், வெள்ளி அடமானக் கடனுக்கான புதிய நெறிமுறைகளை ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது கெடு. தன் வங்கி அதை நடைமுறைப்படுத்துவதற்கு முன் ஒருவர் வாங்கிய கடன் பழைய விதிப்படியே முடியும். தன் கடன் எந்த விதியில் வருகிறது என்பதே அடகு வைத்தவருக்குத் தெரியாது. கடன் அட்டையின் மூலையில் ஒரு முத்திரை குத்தினால் தெரிந்துவிடும்.

புதிய விதிப்படி, சொந்தச் செலவுக்கு வாங்கும் (நுகர்வு) கடனில், 2.5 லட்சம் ரூபாய் வரை நகை மதிப்பில் அதிகபட்சம் 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டு வருபவர், ஒரு லட்சம் மதிப்புள்ள நகைக்கு 85,000 கேட்கிறார். கவுன்ட்டரில் 77,000 என்கிறார்கள். அப்ரைசர் (நகை மதிப்பீட்டாளர்) கிராமில் அடித்துவிட்டார் என்று சண்டை வருகிறது. உண்மையில் அங்கே நடப்பது வேறு. ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் ஒரே தடவையாகக் கட்டும் கடனில், அந்த 85 சதவீதத்தைக் கையில் வாங்கும் தொகையோடு ஒப்பிடுவதில்லை, முதிர்வு நாளில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையோடுதான் ஒப்பிட வேண்டும். 10 சதவீத வட்டி என்றால் 77,272 ரூபாய் வாங்கினால்தான் ஓராண்டில் அது 85,000-இல் நிற்கும். மாதா மாதம் வட்டி கட்டும் கடன் என்றால் கணக்கு மாறும். இந்த நான்கு வரிக் கணக்கை அப்ரைசர் மேசைமேல் தமிழில் ஒட்டி வைத்தால் பாதிச் சண்டை நின்றுவிடும்.

மீதிச் சண்டை எடையில் வருவது. மொத்த எடை, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது, நிகர எடை, காரட் என்று நான்கையும் தனித்தனியாக எழுதி, நகையின் படத்தோடு சான்று கொடுக்க வேண்டும் என்பது விதி. மதிப்பீடு கடன்தாரர் முன்னிலையில் நடக்க வேண்டும். விலையும் அன்றைய கடை விலை இல்லை. கடந்த 30 நாள் முடிவு விலைகளின் சராசரி, முந்தைய நாள் முடிவு விலை, இவற்றில் எது குறைவோ அது. செய்கூலி, சேதாரம் சேராது. கடையில் 24 கிராம் சங்கிலிக்குக் கொடுத்த பில்லை அப்படியே நீட்டுபவருக்கு இதைச் சொல்ல வேண்டியது உங்கள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு விளக்க வேண்டும் என்றுகூட நெறிமுறையில் இருக்கிறது. ஆனால் நடப்பது, பல பக்கம் ஆங்கில ஒப்பந்தத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு 'இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு' என்று கையெழுத்து வாங்குவது.

கடனைப் புதுப்பிப்பதில்தான் ஊருக்குப் பெரிய அடி விழுந்தது. முன்பெல்லாம் ஆண்டு முடிவில் வட்டியைக் கட்டி மறு அடகு வைப்பார்கள். நகைக்கடனில் பல முறைகேடுகள் இருப்பதாக 2024 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி எச்சரித்த பிறகு, முழு அசலையும் கட்டினால்தான் மீண்டும் வைக்க முடியும் என்று பல கிளைகள் சொல்லத் தொடங்கின. அசலுக்கு எங்கே போவது? 'ஒரு நாள் பணம்' கொடுப்பவர்களிடம். காலையில் அவர் பணத்தைக் கட்டி நகையை மீட்டு, மறுபடி வைத்துக் கிடைத்த பணத்தில் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் சர்வர் விழுந்தால் ஒரு நாள் வட்டி இரண்டு நாள் வட்டியாகும். 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. அந்த வியாபாரத்துக்கு வங்கி வாசலே இடம் கொடுக்கலாமா? புதிய நெறிமுறையில் வழி இருக்கிறது. கடன் நிலுவையில் விழாமல், மதிப்பு வரம்புக்குள் இருந்து, சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டால், கடன்தாரர் கேட்டுக்கொண்டதன் பேரில் புதுப்பிக்கலாம். உங்கள் வங்கி அப்படிச் செய்யாது என்று கொள்கை வைத்திருந்தால் அதையும் பலகையில் எழுதுங்கள். ஓர் ஆண்டுக்கு முன்பே தெரிந்தால் வேறு கிளைக்குப் போகட்டும்.

மீட்கும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகளிடம். ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்தால் 'நாளைக்கு வாங்க'. முழுப் பணமும் கட்டிய அன்றே நகையைத் தர வேண்டும், எப்படியும் 7 வேலை நாளைத் தாண்டக் கூடாது, வங்கியின் காரணத்தால் தாண்டினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்கிறது புதிய விதி. இந்தக் கணக்கு தொடங்குவது கடைசி ரூபாய் கட்டிய சலானின் தேதியில். அந்தச் சலானை 'ஃபைலுக்கு வேணும்' என்று வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்துங்கள். நகல் வேண்டுமென்றால் உங்கள் ஜெராக்ஸில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏலத்துக்குப் போன நகைக்கு வைக்கும் குறைந்தபட்ச விலை (ரிசர்வ் விலை) நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் தோற்றால் 85. ஒரு லட்சம் மதிப்பு, பாக்கி 80,000 என்றால் செலவு போகக் கையில் வர வேண்டிய மிச்சம் இருக்கத்தான் செய்யும். அந்த மிச்சத்தை, ஏலப் பணம் வந்த 7 வேலை நாளுக்குள் கடன்தாரருக்குத் தர வேண்டும். ஏலம் போனால் எல்லாம் போச்சு என்று நினைத்து வங்கிப் பக்கமே போகாத குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. விற்ற விலை, பாக்கி, செலவு, மிச்சம் என்று நான்கு வரி எழுதிய தாள் அவர்கள் வீட்டு முகவரிக்குப் போக வேண்டும். ஏல அறிவிப்பு ஒரு தமிழ் நாளிதழிலும் ஒரு தேசிய நாளிதழிலும் வர வேண்டும் என்ற விதியை நீங்கள் கடைப்பிடிக்கிறீர்கள், உண்மைதான். பொடி எழுத்தில் கடன் எண்களை மட்டும் அடுக்கி, வேலூர் பதிப்பின் உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தால் அதை யார் படிப்பது? ஏலக்காரர்கள் படிக்கிறார்கள்.

இரண்டாவது பெரிய தொல்லை கணக்கு முடக்கம். இது வேலூருக்கே உரிய வகையில் கடிக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், பீகார் என்று நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். ஐடா ஸ்கடர் சாலையிலும் காந்தி ரோட்டிலும் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, ஆட்டோ என்று எல்லாமே இப்போது க்யூஆர் அட்டையில்தான். வாடகைக்கு வந்த 600 ரூபாய் எங்கோ ஒரு மோசடிப் பணத்தின் மூன்றாவது, நான்காவது கைமாற்றாக இருந்தால், அந்த மாநில சைபர் போலீஸ் அனுப்பும் ஒரு மின்னஞ்சலில் லாட்ஜ்காரரின் முழுக் கணக்கும் நிற்கிறது. சம்பளம் போட முடியாது, கரண்ட் பில் கட்ட முடியாது. கிளையில் கேட்டால் 'சைபர் க்ரைம் ஃப்ரீஸ், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது'.

தெரியாது என்பது சரியில்லை. முடக்கச் சொல்லும் கோரிக்கை பெரும்பாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளம் வழியாகத்தான் வருகிறது. அதில் 14 இலக்க ஒப்புகை எண், எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், எந்தப் பரிவர்த்தனை, எவ்வளவு தொகை என்று எல்லாம் வழக்கமாக இருக்கும். இந்த ஐந்து விவரமும் விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல் முகவரியும் அரைப் பக்கத்தில் கிடைத்தால், கணக்கு வைத்திருப்பவர் அடுத்த வேலையைத் தானே பார்த்துக்கொள்வார். அன்றைய பில் நகல், லாட்ஜ் என்றால் அறைப் பதிவேட்டின் அந்தப் பக்கம், தங்கியவரின் அடையாள அட்டை நகல், அன்றைய கணக்கு அறிக்கை ஆகியவற்றை இணைத்து அந்த அதிகாரிக்கு எழுத வேண்டும், உங்கள் கிளைக்கும் ஒரு நகல். அவரிடமிருந்து விடுவிப்பு மின்னஞ்சல் வந்ததும் நீங்கள் திறக்க வேண்டும். விவரமே இல்லாவிட்டால் அவர் ஐதராபாத்துக்கு எழுதுவதா, அகமதாபாத்துக்கு எழுதுவதா?

600 ரூபாய்க்காக 4 லட்சம் இருக்கும் கணக்கை முழுதாக அடைப்பதும் நியாயமில்லை. தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 106-ஆம் பிரிவின்கீழ் முடக்கும் காவல் அதிகாரி, அதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே கோரிக்கையில் தொகை இருந்தால் அந்தத் தொகைக்கு மட்டும் லியன் போடுங்கள், அதாவது அதை மட்டும் எடுக்க முடியாதபடி பிடித்து வையுங்கள். தொகை இல்லையென்றால் எவ்வளவு என்று அதே மின்னஞ்சலுக்குப் பதில் கேளுங்கள். கேட்ட தேதியை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

பணம் பறிகொடுத்தவர் பக்கமும் இதே கதைதான். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்கிறீர்கள், நல்லது. ஆனால் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி வங்கிக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். வெளியாரின் ஊடுருவலால் போன பணம் என்றால் 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே இல்லை. 4 முதல் 7 வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000, ஜீரோ பேலன்ஸ் அடிப்படைக் கணக்குக்கு 5,000. ஓடிபி-யைத் தானே சொல்லிவிட்டவருக்குக்கூட ஒரு பாதுகாப்பு உண்டு: வங்கியிடம் தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. மூன்று தவணையாகப் பணம் போகும்போது முதல் தவணைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஓடி வந்து சொன்னவரின் புகாரில், தேதி போதாது, மணியும் நிமிடமும் வேண்டும். கவுன்ட்டர் முத்திரையில் மணி இருப்பதில்லை. பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏடிஎம்மில் கணக்கு கழிந்து பணம் வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் வாடிக்கையாளர் கேட்காமலே திரும்ப வரவேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய், அதுவும் கேட்காமலே. யுபிஐயில் ஆளுக்கு அனுப்பியது போய்ச் சேரவில்லை என்றால் ஒரு நாள், கடைக்கு என்றால் 5 நாள். வேறு வங்கி ஏடிஎம் ஆனாலும் புகார் கார்டு கொடுத்த வங்கியில்தான். இதைக்கூட 'அந்த பேங்க்ல போய்க் கேளுங்க' என்று திருப்பி அனுப்புகிறார்கள். சீட்டில் இருக்கும் 12 இலக்க ஆர்ஆர்என் (பரிவர்த்தனைக் குறிப்பு) எண் போதும், தேடிவிடலாம். சீட்டு வரவில்லை என்றால், பெரும்பாலும் வராது, பேப்பர் ரோல் தீர்ந்திருக்கும், மெஷின் முகப்பில் ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணும் எஸ்எம்எஸ் வந்த நேரமும் போதும். ஒரு மாதத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் பணமில்லாமல் கிடக்கும் ஏடிஎம்முக்கு 10,000 ரூபாய் அபராதம் என்று 2021 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறது. பண்டிகைக்கு முந்தைய வார இறுதியில் ஒடுகத்தூர் பக்கம் ஒரு சுற்று வந்து பாருங்கள்.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் இடங்களில் தேய்ந்த விரல்தான் பிரச்சினை. பீடி இலையும் தோல் ஷெட்டின் சுண்ணாம்பும் ரசாயனமும் ரேகையை அழித்துவிடுகின்றன. பத்து விரலில் எது நன்றாக விழுகிறது என்று ஆதார் மையத்தில் பார்த்துப் புதுப்பித்தால் கொஞ்ச காலம் ஓடும். அதுவரை அந்த ஆளைக் கிளையில் பணமெடுப்புச் சீட்டில் எடுக்க விடுங்கள், 'மித்ரா (வங்கி முகவர்) கிட்ட போ' என்று விரட்டாதீர்கள். முகவரின் கருவி 'தோல்வி' என்று காட்டி, கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் இங்கேயும் 5 நாள் விதிதான். பீஞ்சமந்தையிலிருந்து மலை இறங்கி வருபவரை முகவர் வங்கிக்கும், வங்கி முகவருக்கும் பந்தாடினால் பேருந்துச் செலவே எடுக்க வந்த தொகையில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

இறந்தவர் கணக்குக்கு, நாமினி இல்லாவிட்டாலும் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம் வரை, வழக்கோ தகராறோ இல்லாதபோது நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்கக் கூடாது. எல்லா ஆவணமும் கிடைத்த 15 நாளில் முடிக்க வேண்டும். 'எல்லா ஆவணமும்' என்பதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது. முதல் நாளே முழுப் பட்டியல் எழுதிக் கொடுங்கள்.

பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே சொல்லிவிட்டது. கடைக்காரர் வாங்க மறுப்பதற்கு அவர் சொல்லும் காரணம் 'பேங்க்லயே வாங்க மாட்டேங்கறாங்க' என்பது. எண்ண ஆளில்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பும் ஒவ்வொரு பையும் பஜாரில் ஒரு வதந்தி.

2022-ஐ இந்த மாவட்டம் மறந்திருக்காது. மாதம் நூற்றுக்கு இத்தனை வட்டி என்று சொல்லிப் பணம் திரட்டிய நிதி நிறுவனங்கள் மூழ்கியபோது, வடாற்காடு முழுக்க ஓய்வூதியப் பணமும் கல்யாணத்துக்குச் சேர்த்ததும் போயின. பேராசை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த ஏஜென்ட்டுகள் வீட்டுக்கு வந்தார்கள், தமிழில் பேசினார்கள், பணம் வாங்கிய அன்றே கையெழுத்திட்ட பத்திரம் கொடுத்தார்கள். வங்கியிலோ வைப்புத்தொகை ரசீதை வாங்கவே இரண்டு நடை. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரி 4 முதல். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு இல்லை. இந்த மூன்று வாக்கியத்தை எந்தக் கிளைச் சுவரில் தமிழில் பார்க்க முடிகிறது?

முன்னோடி வங்கி மேலாளர் அவர்களே, மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைப்பவர் நீங்கள், இனி உங்களிடம். காலாண்டுக்கு ஒருமுறை ஆட்சியர் தலைமையில் வங்கியாளர் கூட்டம் நடக்கிறது. மறுநாள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் கடன் ஆணை வழங்கும் படமும் இத்தனை கோடி இலக்கு என்ற வரியும் வருகின்றன. அந்தப் பத்திரிகைக் குறிப்பை அனுப்புவது உங்கள் அலுவலகம்தான். அதில் இன்னும் சில எண்களைச் சேர்க்கலாம்: அந்தக் காலாண்டில் வங்கிவாரியாக வந்த எழுத்துப் புகார் எத்தனை, 30 நாளைத் தாண்டியவை எத்தனை, ஏலத்துக்குப் போன நகைக்கடன் எத்தனை, அதில் மிச்சப் பணம் திருப்பித் தரப்பட்டவை எத்தனை, முடக்கப்பட்ட கணக்கு எத்தனை, விடுவித்தவை எத்தனை. விண்ணப்பம் தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதால், கல்விக்கடன், 2 லட்சத்துக்கு உட்பட்ட அடமானமில்லாப் பயிர்க்கடன் தள்ளுபடிகளின் எண்ணிக்கையும் உங்களிடம் இருக்க வேண்டும். 2 லட்சத்துக்குள் பயிர்க்கடன் கேட்ட கே.வி.குப்பத்து விவசாயியிடம் 'நகை கொண்டு வா' என்று சொல்லி அனுப்பியது எந்தக் கணக்கிலும் வராது, அவரிடம் விண்ணப்பமே வாங்கவில்லையே.

அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாகப் புகார்ப் புத்தகத்தை வையுங்கள். ஒவ்வொரு கிளை மேலாளரும் தன் கிளைப் புத்தகத்தைக் கையோடு கொண்டு வரட்டும். கடைசியாகக் கிழிக்கப்பட்ட நகலின் வரிசை எண்ணையும் தேதியையும் ஆட்சியர் முன் வாசிக்கட்டும். அந்தப் பட்டியல் மாவட்ட இணையதளத்தில் வந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்ட வங்கி வாடிக்கையாளர்கள்